ஆட்டத்தின் நடுவே திரை ஏன் இருள்கிறது?

கேள்வி: அண்ணன் பல வருடங்களுக்கு முன் துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுப் பெட்டியைப் புதிய 43 அங்குல டிவியில் இணைப்பதற்காக, பழைய பெட்டியின் படத்தைப் புதிய டிவிக்கு ஏற்ப மாற்றித் தரும் அப்ஸ்கேலர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகளில் கொடுக்கும் கம்போனென்ட் கேபிளை அதில் செருகி, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுத்திருக்கிறேன். பழைய பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கைப் போட்டால், ஆட்டத்திலிருந்து மெனுவுக்குப் போகும்போதெல்லாம் திரை இரண்டு மூன்று நொடி கறுத்துவிடுகிறது. சில நேரம் ஆட்டத்தின் நடுவிலும் படம் குதிக்கிறது. விற்றவர் "டிவியில்தான் கோளாறு" என்கிறார். திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, மேலப்பாளையம்

பதில்: நான்கு நாள் போதும் அம்மா. ஆனால் இன்று இரவே தொடங்குங்கள். பிளேஸ்டேஷன், அப்ஸ்கேலர், டிவி மூன்றும் ஒரே காட்சியில் தெரியும்படி, படம் குதிப்பதையும் கறுப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு வாதாட வேண்டி வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறல்ல, இரண்டு. குதிப்பதை முதலில் பார்ப்போம். அப்ஸ்கேலருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பலரும் டிவியின் யுஎஸ்பி துளையிலேயே செருகிவிடுகிறார்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். பல கருவிகளுக்கு அது போதாது. பாளையங்கோட்டையில் என் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. இரண்டு மீட்டர் நீள மெல்லிய சார்ஜர் கேபிளில் கொடுத்திருந்தேன். ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: படம் போகும் ஒவ்வொரு முறையும் கருவியின் சிறு விளக்கும் ஒரு கணம் மங்கியது. குட்டையான, தடித்த கேபிளும் நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரும் போட்டதும் அது நின்றது.

அடுத்து, பச்சை முனை. கம்போனென்ட் கேபிளில் சிவப்போ நீலமோ தளர்ந்தால் நிறம்தான் கெடும். படத்தின் கிடைக்கோடுகளான வரிகளை ஒழுங்காக நிறுத்தும் சிங்க் சமிக்ஞை பச்சையில் போகிறது. அது தளர்ந்தால் படம் முழுவதும் உருளும். முனையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் முனைகளில் களிம்பு ஏறுவது வழக்கம். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். பிளேஸ்டேஷனின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் கம்போனென்ட் வெளியீடு ஆர்ஜிபி என்று இருந்தால், அங்குள்ள மற்ற தெரிவுக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் இந்த அமைப்பு அழிந்துபோகும்.

இனி மெனுவில் கறுப்பது. இதற்குக் கேபிள் மாற்றிப் பயனில்லை. துபாய்ப் பெட்டி பால் (PAL) என்ற பழைய டிவி ஒளிபரப்பு முறையில் ஓடுவது. பிளேஸ்டேஷன் 1 ஆட்டங்கள் பல, ஆடும்போது 288 வரிகளாகவும், மெனுவில் 576 வரிகளை ஒன்றுவிட்டொன்றாகவும் அனுப்பும். அப்ஸ்கேலர்களில் சில வரிகளை மட்டும் பெருக்கி, பெட்டி படம் அனுப்பும் தாளத்தை அப்படியே டிவிக்குக் கடத்துகின்றன. தாளம் மாறியதும் டிவி புதிதாகப் பிடித்துக்கொள்ளச் சில நொடி எடுக்கிறது; திரை கறுக்கிறது. உங்கள் அப்ஸ்கேலரில் அமைப்பு இருந்தால், வரிப் பெருக்கத்தை இரண்டு மடங்கில் வையுங்கள். 288 இருமடங்கானால் 576. டிவிக்குப் பழகிய எண். மூன்று மடங்கில் 864. எந்த டிவி தரத்திலும் இல்லாத எண், பல டிவிகள் தடுமாறும். இரண்டு மடங்கில் வைத்தால் ஆட்டத்தின் நடுவே வரும் தடுமாற்றம் குறையலாம். மெனு மாற்றத்தின் கறுப்பு முழுவதும் போகாது. அந்தக் கறுப்பு நீங்க வேண்டுமானால், ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, நினைவில் வாங்கிவைத்துத் தன் தாளத்திலேயே டிவிக்கு அனுப்பும் கருவி வேண்டும். விலை கூடுதல், கைவிசைக்கும் படத்துக்கும் நடுவே சிறு தாமதமும் வரலாம். ஆனாலும் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குகளை விரும்பி ஆடுகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இப்போது விற்றவர். வேறொரு டிவியில், உறவினர் வீட்டிலாவது, ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அங்கும் குதித்தால் "டிவி கோளாறு" என்ற பேச்சு எடுபடாது. விற்பனைப் பக்கத்தில் "எல்லா டிவிக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை அந்த வரி இல்லாமல் போகலாம். பொருள் விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

திருப்பி அனுப்பும் விண்ணப்பத்தை மூன்றாம் நாளே போட்டுவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டி, பில், அடாப்டர் எதையும் எறிய வேண்டாம்.