ஐரோப்பிய நீதிமன்ற வழக்கில் நாமும் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: கோபாலசமுத்திரம் பக்கம் இலங்கை அகதிகளுக்கு உதவும் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியை ஐரோப்பிய நாடு ஒன்று இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இருக்கிறது. மூன்றாம் தரப்பாக நாங்கள் எழுதிக் கொடுத்தால் எடுபடுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கொடுக்கலாம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 36-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. நீங்கள் இந்தியாவில் இருப்பது தடையில்லை. ஆனால் "தம்பி நல்லவர், அனுப்பாதீர்கள்" என்று எழுதினால் எடுபடாது. வழக்கின் விவரங்களுக்குள் போகக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் எது எடுபடும்? நீதிமன்றத்துக்குத் தெரியாத பொதுவான தகவல். அதே நீதிமன்றத்தில் 1996-ல் வந்த சாஹல் தீர்ப்பைப் பாருங்கள். சாஹல் என்ற சீக்கியரைத் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்தியாவுக்கு அனுப்ப முயன்றது பிரிட்டன். ரகசியத் தகவலை வெளியே காட்ட முடியாது என்றது. ஆம்னஸ்டி, லிபர்ட்டி போன்ற மனித உரிமை அமைப்புகள் மூன்றாம் தரப்பாக வந்து, கனடாவில் இதற்கு வழி இருக்கிறதே என்று எடுத்துக் காட்டின. அங்கே சம்பந்தப்பட்டவரையும் அவர் வக்கீலையும் வெளியே வைத்தாலும், பாதுகாப்பு அனுமதி பெற்ற வேறொரு வக்கீலை நீதிமன்றமே நியமிக்கும். அவர் அரசுச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார். மூன்றாம் தரப்பினர் சுட்டிக்காட்டியது என்று சொல்லியே தீர்ப்பில் இதை எழுதினார்கள். மறு ஆண்டே பிரிட்டனும் இப்படி ஒரு வக்கீலை வைக்கப் புதுச் சட்டம் கொண்டுவந்தது.

அரசுகளும் இப்படி நுழைவதுண்டு. இத்தாலியப் பள்ளிகளில் சிலுவை மாட்டும் வழக்கில் 2009-ல் 7 நீதிபதிகளும் இத்தாலிக்கு எதிராக நின்றார்கள். மேல் அமர்வில் 10 நாடுகள் இத்தாலிக்கு ஆதரவாக வந்தன. 2011-ல் 15-க்கு 2 என்று தீர்ப்பு புரண்டது. அவர்கள் வந்ததால்தான் புரண்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உங்களைப் போன்றவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்பேன்.

இங்கிருந்து இலங்கைக்குத் திரும்பிப் போனவர்களை விமான நிலையத்தில் எப்படி விசாரித்தார்கள், அப்புறம் வீட்டுக்கு யார் வந்து கேட்டார்கள் என்ற தகவல் உங்களிடம் இருந்தால், பெயரை மறைத்து, தேதியும் இடமும் போட்டு எழுதுங்கள். தம்பியைப் பற்றி நேரில் தெரிந்ததை இதில் கலக்க வேண்டாம். அதைப் பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் ஒரு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரமாக முடித்து, தம்பியுடைய வக்கீலுக்கு அனுப்புங்கள்.

அந்த நாட்டு அரசுக்கு நோட்டீஸ் போன தகவல் நீதிமன்றத்தின் HUDOC இணையதளத்தில் வெளியான 12 வாரத்துக்குள் அனுமதி கேட்டாக வேண்டும், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, காரணத்தோடு. கிடைத்தால் பொதுவாக 10 பக்கம்தான். முதல் வேலையாக வக்கீலுக்கு போன் போட்டு அது வெளியான தேதியைக் கேளுங்கள்.