4கே டிவியில் படம் வெட்டி வெட்டி ஓடுகிறதா?

வணக்கம். 2015ஆம் ஆண்டு லேப்டாப்பில் சீராக ஓடும் படம், ஹெச்டிஎம்ஐ கேபிளில் 4கே டிவிக்குப் போனதும் வெட்டி வெட்டி ஓடுகிறது, மவுஸ் அம்புக்குறியும் இழுபடுகிறது என்கிறீர்கள். அந்த அம்புக்குறிதான் துப்பு. வீடியோ கோப்பில் கோளாறு என்றால் அது ஏன் இழுபட வேண்டும்? அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4தான். அதில் 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் போகாது.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் டிவியைத் தேர்ந்தெடுங்கள். அநேகமாக 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறை, என்றுதான் இருக்கும். ரெசல்யூஷனை 1920 × 1080 ஆகக் குறைத்து, 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். சோபாவில் உட்கார்ந்து பார்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேபிளை மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் 600 ரூபாய் கொடுத்து வாங்கியது மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது. அப்புறம், சத்தம் லேப்டாப்பிலேயே வந்தால் சவுண்ட் செட்டிங்ஸில் டிவி பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.