பெங்களூரிலிருந்து கலாபகஸ் தீவுகளுக்கு: எந்த மாதம், எந்தப் படகு?

பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில், வயதான அப்பா அம்மாவோடு, பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளுக்குப் போகலாமா, கப்பலில் தங்குவதா தீவில் அறை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலா அறையா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஒரு உயிரைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாதோ, அதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதம், தீவு, படகு எல்லாம் அதிலிருந்துதான் வரும். நான் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டேன்.

என் அப்பா ரிடயர் ஆனதிலிருந்து ஹெப்பாள் ஏரியே கதி என்று இருப்பவர். காலை ஆறு மணிக்கு பைனாகுலரோடு கிளம்பினால் பத்துக்குத்தான் திரும்புவார். அவருக்கு அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையைப் பார்க்க வேண்டும். கலாபகஸ் அல்பட்ராஸ் ஏறக்குறைய முழுவதுமே எஸ்பான்யோலா என்ற ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது. சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். எனக்கு பிப்ரவரியில் லீவு, டிக்கெட்டும் கொஞ்சம் மலிவு. பதிவு செய்துவிட்டேன்.

சான் கிறிஸ்டோபல் தீவிலிருந்து ஒரு நாள் படகில் எஸ்பான்யோலா போனோம். பாறை விளிம்பில் நின்று அப்பா கைடிடம் அல்பட்ராஸ் எங்கே என்று கேட்டார். கைடு கடலைக் காட்டி, "ஏப்ரல்" என்றார். டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் அவை கடலுக்குப் போய்விடும். மார்ச் கடைசியில்தான் திரும்பத் தொடங்கும். அப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா, நமக்கு லீவு கிடைச்ச மாசமே அதுக்கும் லீவா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆனால் அன்றைய நாள் வீணாகவில்லை. சிவப்பும் பச்சையுமாகக் கடல் ஓணான்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப்போட்டதுபோல் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவை கடலில் மூழ்கிப் பாசி மேய்பவை. உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சிவிடும். என் செருப்புக்கு நாலு அடி தள்ளி ஒன்று 'புஸ்' என்று தும்மியது. வெள்ளைத் தூள்போல் அந்த உப்பு அதன் தலையிலேயே காய்ந்து கிடந்தது. வளைந்த நீள அலகுள்ள மாக்கிங்பேர்ட் ஒன்று அப்பாவின் ஷூ மேலேயே ஏறி நின்று தண்ணீர் பாட்டிலைக் கொத்திப் பார்த்தது. கொடுக்கக் கூடாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதுவாக வந்து ஏறினால் நாம்தான் பின்வாங்க வேண்டும்.

கபினியில் ஜீப்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சிறுத்தையின் வால் நுனியைப் பார்த்துவிட்டு வரும் நமக்கு இது புரியவே இரண்டு நாள் ஆகும். இங்கே எதையும் தேட வேண்டாம், ஓடி ஒளிகிற பழக்கமே அவற்றுக்கு இல்லை. சான் கிறிஸ்டோபல் ஊரில் கடற்கரை பெஞ்சில் உட்காரப் போனால் கடற்சிங்கம் படுத்திருக்கும்.

சரி, மாதம். ஜனவரி முதல் மே வரை கடல் வெதுவெதுப்பு, நடுநடுவே மழை, ஆமைகள் மணலில் முட்டையிடும் காலம். ஸ்நார்க்கலிங் செய்ய இதுதான் சுகம். ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் நீரோட்டத்தால் தண்ணீர் குளிரும், மூடுபனி இருக்கும், ஆகஸ்ட் செப்டம்பரில் அலையும் அதிகம். ஆனால் கடலில் இரை பெருகுவது அப்போதுதான். பெரிய நில ஆமைகளை சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில் எந்த மாதமும் பார்க்கலாம். பறக்க முடியாத நீர்க்காகம்தான் வேண்டுமென்றால் இசபெல்லா தீவின் மேற்குக் கரைக்கோ ஃபெர்னாண்டினா தீவுக்கோ போக வேண்டும். அதற்குக் கப்பலில் தங்கியே ஆக வேண்டும். ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் மறுபடி வரக் கூடாது என்பதால் கிழக்குச் சுற்று, மேற்குச் சுற்று என்று பிரித்துத்தான் விற்பார்கள். விளம்பரப் படத்தை நம்பாமல் வழித்தடத்தை வரிவரியாகப் படியுங்கள்.

பெரியவர்களோடு என்றால் நான் தீவில் தங்கச் சொல்வேன், செலவும் குறைவு. தீவுக்குத் தீவு போகும் சின்ன படகு இரண்டு மணி நேரம் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் உட்காருங்கள், அவோமின் வாந்தி மாத்திரையை மறக்காதீர்கள். தீவுக்கு விமானம் ஏறும் ஈக்வடார் தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். துறைமுக நகரமான குவயாகில் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை.

பத்து நாளில் போக வர நாலு நாள் போய்விடும், பதினாலு நாளாவது லீவு எடுங்கள். விசாவுக்கு டெல்லியில் உள்ள ஈக்வடார் தூதரகத்தில் விசாரியுங்கள். அமெரிக்கா வழி டிக்கெட் என்றால் விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிடுங்கள். ஈக்வடார் போய்விட்டு ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமையில் வைத்துவிடுவார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் கூடுதல், டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்கு 200 டாலர். நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வடாரின் நாணயமே டாலர்தான்.

அப்புறம் பெட்டி. தீவு விமானம் ஏறும் முன் விதை, பழம், செடி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த மோர்மிளகாயைப் பிரித்துப் பார்த்தார்கள், உள்ளே விதை, போச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. வெளியிலிருந்து வந்த ஆடுகள் அங்கே பெருகி ஆமைகளின் தீனியைத் தின்று தீர்த்து, இசபெல்லா, சாந்தியாகோ தீவுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டுத் தீர்க்க வேண்டி வந்த ஊர் அது. புளிக்காய்ச்சலை நன்றாக வடிகட்டி எடுத்துப் போனோம், அது தப்பியது.

மஞ்சள் காய்ச்சல் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். அப்பா அதை ஆதார் கார்டோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை மே மாத டிக்கெட் எவ்வளவு என்று கேட்கிறார்.