கடைசி நாளில் மிச்சமாகும் ஸ்டோரி: ஸ்பிரின்ட் பற்றி வாசகர் கேள்வி-பதில்

எங்கள் டீமில் ஏழு பேர், இரண்டு வார ஸ்பிரின்ட் (குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிக்கத் திட்டமிடும் வேலைச் சுற்று). ஒவ்வொரு முறையும் கடைசி நாளில் நாலைந்து ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வேலை) முடியாமல் நிற்கிறது. 'முடிவு தேதியை இரண்டு நாள் தள்ளலாம், இல்லையென்றால் செய்த வரைக்கும் பாயின்ட் (ஸ்டோரியின் அளவைக் குறிக்கும் மதிப்பு) போட்டு மூடலாம்' என்கிறார் லீட். எது சரி?
— வாசகி, சோழிங்கநல்லூர்

இரண்டும் வேண்டாம். தேதியைத் தள்ளினால் பத்து வேலை நாள் ஸ்பிரின்ட் பன்னிரண்டு நாளாகிவிடும். அதில் வந்த பாயின்ட்டை முந்தைய ஸ்பிரின்ட்டோடு ஒப்பிட முடியாது; வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரின்ட்டில் முடியும் பாயின்ட் அளவு) வைத்து அடுத்ததைத் திட்டமிடவும் முடியாது. ஒருமுறை தள்ளிப் பழகிவிட்டால் அடுத்த முறையும் தள்ளத்தான் தோன்றும்.

செய்த வரைக்கும் பாயின்ட் போடுவது அதைவிட மோசம். 8 பாயின்ட் ஸ்டோரியில் 5 முடிந்துவிட்டது என்று சொல்லி, மதிப்பை 3 ஆக மாற்றி அடுத்த ஸ்பிரின்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு ஸ்டோரி எந்த ஸ்பிரின்ட்டில் முடிகிறதோ அதில்தான் ஜிரா (வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) அதன் பாயின்ட்டைச் சேர்க்கும். எனவே 3 மட்டும் வரவாகும், மீதி 5 எந்தக் கணக்கிலும் வராது. 8 என்றே விட்டுவிடுங்கள். இந்த ஸ்பிரின்ட்டில் குறையும், அடுத்ததில் கூடும். மூன்று நான்கு ஸ்பிரின்ட்டின் சராசரியில் சரியாகிவிடும்.

மூடும் நாளில் முதலில் சப்-டாஸ்க்குகளை (ஸ்டோரிக்குள் பிரித்த சிறு வேலைகள்) பாருங்கள். ஸ்டோரி 'டன்' நிலைக்குப் போயும் அதன் கீழ் ஒரு சப்-டாஸ்க் திறந்து கிடந்தால் ஜிரா ஸ்பிரின்ட்டை மூட விடாது. அதைச் சரிசெய்துவிட்டு 'கம்ப்ளீட் ஸ்பிரின்ட்' அழுத்தினால், முடியாதவற்றை எங்கே அனுப்புவது என்று கேட்கும். பலரும் யோசிக்காமல் அடுத்த ஸ்பிரின்ட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேக்லாகை (இன்னும் ஸ்பிரின்ட்டில் எடுக்காத வேலைகளின் பட்டியல்) தேர்ந்தெடுங்கள். இது இன்னும் தேவையா, இப்போதே தேவையா என்று பிராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர்) பார்த்த பிறகு திட்டமிடலில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நேராகத் தள்ளினால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரே ஸ்டோரி மாதக் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஸ்டோரியைப் பிரிக்கவே கூடாதா? பிரிக்கலாம், முடிந்த பகுதி தனியாகப் பயனருக்கு உதவும் என்றால் மட்டும். ஓடிபி மூலம் உள்நுழைவது டெஸ்டிங் வரை முடிந்து, பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் பாக்கி என்றால் அது நியாயமான பிரிவு. 'டெவலப்மென்ட் ஒரு ஸ்டோரி, டெஸ்டிங் ஒரு ஸ்டோரி' என்று பிரிப்பது எண்ணிக்கையை அழகாக்கும் வேலை. அதைச் செய்யாதீர்கள்.

பர்ன்டவுன் சார்ட்டில் (மிச்ச வேலையை நாள்வாரியாகக் காட்டும் வரைபடம்) கோடு எட்டு நாள் நேராகப் போகிறது, கடைசி இரண்டு நாளில் செங்குத்தாக விழுகிறது. வேலை தினமும் நடக்கத்தான் செய்கிறது. சார்ட்டில் கோளாறா?
— வாசகர், பெருங்குடி

சார்ட்டில் கோளாறு இல்லை. ஜிராவில் ஒரு ஸ்டோரி போர்டின் (ஸ்டோரிகளை நிலைவாரியாகக் காட்டும் பலகை) வலது ஓர நெடுவரிசைக்கு வந்தால்தான் பாயின்ட் குறையும். சப்-டாஸ்க்கில் ஆறில் ஐந்து முடிந்திருந்தாலும் கோடு அசையாது.

அதனால் முதலில் போர்டைப் பாருங்கள். வலது ஓரத்தில் 'ரிலீஸ்டு' என்று ஒரு நெடுவரிசை, அதற்கு முன்னால் 'ரெடி ஃபார் ரிலீஸ்' என்று ஒன்று இருக்கிறதா? மாதம் ஒருமுறைதான் ரிலீஸ் என்றால், டெஸ்டிங் முடிந்த ஸ்டோரியும் முடியாததாகவே கணக்காகும். போர்டு செட்டிங்கில் இந்த இரண்டு ஸ்டேட்டஸையும் ஒரே கடைசி நெடுவரிசைக்குள் இழுத்துப் போடுங்கள். டீம் எதை 'முடிந்தது' என்று ஒப்புக்கொண்டிருக்கிறதோ அதுவே கடைசி நெடுவரிசையாக இருக்க வேண்டும்.

போர்டு சரியாக இருந்தும் கோடு இறங்கவில்லை என்றால், முதல் நாளே ஏழு பேரும் ஏழு ஸ்டோரியைத் திறந்திருப்பீர்கள். அத்தனையும் ஒன்பதாம் நாள் சேர்ந்து டெஸ்டிங்குக்கு வரும். இரண்டு டெஸ்டர்கள் இரவு வரை உட்கார வேண்டியிருக்கும். எந்த ஸ்டோரியும் இரண்டு மூன்று நாளில் டெஸ்டிங்குக்குப் போகும் அளவில் இருக்கட்டும். 13 பாயின்ட் ஸ்டோரியைத் திட்டமிடலிலேயே உடையுங்கள். டெஸ்டிங் நெடுவரிசையில் மூன்றுக்கு மேல் சேர்ந்தால் டெவலப்பர் புதிதாக ஒன்றை எடுக்காமல், டெஸ்ட் டேட்டா தயாரிப்பது, பக் சரிசெய்வது என்று அங்கே கைகொடுக்கட்டும். ஆறாம் நாளுக்குப் பிறகு இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பல டீம்களில் இந்த ஒரு கட்டுப்பாடே மிச்சமாகும் ஸ்டோரிகளைப் பாதியாகக் குறைக்கும் என்பது எங்கள் கருத்து.

பொங்கல் வாரம் ஸ்பிரின்ட்டில் வந்தால் எவ்வளவு வேலை எடுப்பது?
— வாசகர், அம்பத்தூர்

ஆள்-நாள் கணக்குப் போடுங்கள். ஏழு பேர், பத்து நாள் என்றால் 70. இரண்டு நாள் விடுமுறைக்கு 14 போகும். மூன்று பேர் ஊருக்குப் போக மேலும் இரண்டிரண்டு நாள் லீவு எடுத்தால் 6. மிச்சம் 50. வழக்கமான வெலாசிட்டி 35 என்றால் 35 × 50 ÷ 70 = 25. அதற்கு மேல் எடுக்காதீர்கள். போர்டு செட்டிங்கில் 'வொர்க்கிங் டேஸ்' பகுதியில் விடுமுறைத் தேதிகளைச் சேர்த்தால் பர்ன்டவுன் வழிகாட்டிக் கோடு அந்த நாட்களில் இறங்காது. டைம் ஜோனும் அங்கேயேதான் இருக்கிறது. கிளையன்ட் ஊர் நேரம் இருந்தால் சென்னை நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஸ்பிரின்ட் நடுவில் புரொடக்‌ஷன் பக் (பயனர்களிடம் உள்ள மென்பொருளில் வரும் பிழை) வந்து விழுகிறது. நாங்கள் அதை ஜிராவில் போடாமலே முடித்துவிடுகிறோம்.
— வாசகி, தரமணி

போடாமல் விட்டால் அந்த இரண்டு நாள் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. ஸ்டோரி ஏன் நின்றது என்று உங்களைத்தான் கேட்பார்கள். நடப்பு ஸ்பிரின்ட்டிலேயே சேருங்கள். பிறகு வந்த வேலை என்று அறிக்கையில் தனியாகத் தெரியும். கடந்த மூன்று ஸ்பிரின்ட்டில் இப்படி வந்தது சராசரி 6 பாயின்ட் என்றால், அடுத்ததில் 6 பாயின்ட்டுக்கு இடம் விட்டே திட்டமிடுங்கள். அதையும் மீறி வந்தால், அதே அளவு ஸ்டோரியை வெளியே எடுக்கப் பிராடக்ட் ஓனரிடம் கேளுங்கள். எதை எடுப்பது என்பதை ஸ்பிரின்ட் கோல் (அந்த ஸ்பிரின்ட்டின் நோக்கம்) பார்த்து முடிவு செய்யலாம். அதனால் ஜிராவில் ஸ்பிரின்ட் கோல் எழுதும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். வேலையில் பெரும்பகுதி சப்போர்ட்தான் என்றால் உங்களுக்கு ஸ்பிரின்ட் பொருந்தாது, கான்பன் போர்டு (ஸ்பிரின்ட் இல்லாமல் வேலையை வர வர எடுக்கும் முறை) போதும்.

நியூயார்க் கிளையன்ட்டோடு திட்டமிடல் கூட்டம் இரவு வெகுநேரம் இழுக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், சிறுசேரி

இரண்டாகப் பிரியுங்கள். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்கே திட்டமிடல் அதிகபட்சம் எட்டு மணி நேரம் என்கிறது ஸ்கிரம் கைடு (ஸ்பிரின்ட் முறைக்கான வழிகாட்டி ஆவணம்). இரண்டு வாரத்துக்கு நாலு மணி நேரத்துக்குள் முடியும். ஸ்பிரின்ட் கோல், எந்தெந்த ஸ்டோரி என்பதற்கு மட்டும் கிளையன்ட் தேவை. ஒன்றரை மணி நேரம் போதும். சப்-டாஸ்க் பிரிப்பதை மறுநாள் காலை டீம் மட்டும் உட்கார்ந்து செய்யலாம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அவர்களின் காலை 9 மணி, நமக்கு மாலை 6.30 என்பதிலிருந்து 7.30 ஆகிவிடும். காலண்டர் அழைப்பையும் கேப் நேரத்தையும் முன்கூட்டியே மாற்றிவையுங்கள்.

பக்கத்து டீம் வெலாசிட்டி 60, எங்களுடையது 35. மேனேஜர் கேள்வி கேட்கிறார்.
— வாசகர், கிண்டி

அவர்கள் 5 என்று போடும் வேலைக்கு நீங்கள் 3 போடலாம். பாயின்ட் அந்தந்த டீமின் சொந்த அளவு, ஒப்பிட முடியாது. மேனேஜரிடம் வேறு இரண்டு விஷயங்களைக் காட்டுங்கள்: எடுத்ததில் எத்தனை ஸ்டோரி முடிந்தது, ரிலீஸான பிறகு எத்தனை பக் திரும்பி வந்தது.