கடிகாரத்தில் மணி 3:40

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அமெரிக்காவில், நியூஜெர்சியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸாக இருக்கிறேன். அங்கே தங்கியிருக்கும் முதியவர்களின் மதிப்பீட்டுப் பதிவில், எம்.டி.எஸ். என்போம், கடைசிக் கையெழுத்து என்னுடையது. ஞாபகசக்தி, மனநிலை பற்றிய கேள்விகளைக் கேட்டு எழுதும் சோஷியல் ஒர்க்கர் இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டார். "போன காலாண்டு மார்க்கையே போட்டு சைன் பண்ணி அனுப்பு" என்கிறார் மேலதிகாரி. பதினொரு பேருக்கு அப்படிச் செய்துவிட்டேன். என் கையெழுத்து பதிவு முடிந்தது என்பதற்கு மட்டும்தானே? "வீட்டுக் கடன் இருக்கு, பேசாமல் போடு" என்கிறார் கணவர். தூக்கம் வரவில்லை. இதற்கு நடுவில் ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணையும் போன மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று. ராத்திரி 8 மணிக்கு அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டதாக நோட்டில் எழுதிப் படம் அனுப்பினாள். பக்கத்திலிருந்த அலாரம் கடிகாரத்தில் மணி 3:40. எல்லாப் பக்கமும் டென்ஷன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் கடிகாரத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, கைபேசியில் படத்தைப் பெரிதாக்கி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தீர்கள். ஆளை நிறுத்தினீர்கள். அவள் செய்தது என்ன? அம்மா தினமும் இரண்டு இட்லிதானே சாப்பிடுகிறார், இன்றைக்கும் அதுதானே என்று முன்கூட்டியே எழுதிவைத்தாள். இந்தப் பாட்டி போன தடவை ஞாபகசக்தியில் 13 மார்க் வாங்கினாரே, இந்தத் தடவையும் 13தானே என்று நீங்கள் எழுதினீர்கள். அவள் எழுதியது ஒரு வேளைச் சாப்பாடு. நீங்கள் எழுதியது பதினொரு பேரின் புத்தி எந்த நிலையில் இருக்கிறது என்று. அவளுக்குக் கொடுத்த தண்டனையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன். வராமல் இருப்பது நல்லதுதான்.

கையெழுத்து 'முடிந்தது' என்பதற்கு மட்டுமா என்று கேட்கிறீர்கள். 1987-ல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்தின் வழி வந்த விதி அது. ஒருங்கிணைக்கும் நர்ஸ் பதிவு முழுமை என்று கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பகுதியும் சரிதான் என்று அதை நிரப்பியவர் கையெழுத்திட வேண்டும். பாதி வரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஞாபகசக்திப் பகுதியை நிரப்பியது யார்? வேலையை விட்டுப்போன சோஷியல் ஒர்க்கரா? நீங்கள்தான் நிரப்பினீர்கள், அதன் உண்மைக்கும் நீங்களே பொறுப்பு. தெரிந்தே பொய்யைச் சரியென்று சொன்னவருக்குப் பதிவு ஒன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம், சொல்ல வைத்தவருக்கு 5,000 டாலர் வரை என்று சட்டத்தில் இருக்கிறது. இன்றைய விலைவாசிக்கு அது இன்னும் ஏறியிருக்கிறது. உங்கள் மேலதிகாரிக்கு இது தெரியாமல் இருக்காது.

அபராதத்தை விடுங்கள். நான் 28 வருடம் வார்டில் இருந்தவள். நான் பார்த்த மோசமான சார்ட்டுகள் எல்லாம் ஒரே மையில், அழகான கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியவை. நாலு மணிக்கு நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியிருக்கும், சார்ட்டில் மட்டும் ஏறாது.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகள் என்ன? சாக் (காலுறை), ப்ளூ, பெட் என்று மூன்று சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். இது எந்த வருடம், எந்த மாதம், என்ன கிழமை என்று கேட்க வேண்டும். பிறகு அந்த மூன்று சொல்லும் நினைவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தம் 15 மார்க். 13 எடுத்த பாட்டி திடீரென்று 8 எடுத்தால் சிறுநீர்த் தொற்றா, புது மாத்திரையா என்று தேட வேண்டும் என்பது ஒரு நர்ஸுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மனநிலைக் கேள்விகள் இன்னும் கனமானவை. போன இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்திருந்ததா? ஆமாம் என்றால், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது வரைக்கும் கேள்வி போகும். அங்கே நீங்கள் பழைய பூஜ்யத்தைப் போட்டீர்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவராவது, யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று படுத்திருந்திருக்கலாம்.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? அந்தக் கேள்விகளைச் சோஷியல் ஒர்க்கர்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. முறை தெரிந்த நீங்களே கேட்கலாம். ஒருவருக்குச் சில நிமிடம். வராந்தாவில் நாலு எட்டு நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குறித்த நாளுக்குள் கேட்க முடியாமல் போனால், அந்த இடங்களில் ஒரு சிறு கோடு போடச் சொல்கிறது எம்.டி.எஸ். கையேடு. தகவல் இல்லை என்று அர்த்தம். நர்சிங் ஹோமுக்கு அது அழகில்லைதான், ஆனால் உண்மை.

கணவரிடம் சொல்லுங்கள்: அந்த வீட்டுக் கடனை அடைப்பது உங்கள் நர்ஸ் லைசென்ஸ். பெற்ற தாயைப் பிறர் கையில் விட்டுவிட்டுப் பிழைக்கப் போனவர்கள், பிறரைப் பெற்றவர்கள் தங்கள் கையில் வரும்போது கூடுதலாகவே பார்க்கக் கடமைப்பட்டவர்கள். என் கருத்து இது, மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நாளைக் காலை பதினொரு அறைக்கும் போங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். பிறகு மேலதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: இன்ன பதிவுகளில் நேர்காணல் நடக்கவில்லை, திருத்தி அனுப்ப வேண்டும், இனி கேட்காமல் நிரப்ப மாட்டேன். வாய்ப்பேச்சு வேண்டாம். அவர் மறுத்தால் நிர்வாகத்திடம் போங்கள், அங்கேயும் கதவைச் சாத்தினால் நர்சிங் ஹோம்களைச் சோதிக்கும் மாநில அலுவலகம் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கும் போன் செய்யுங்கள். மூன்று நாற்பதுக்கே ஏன் எழுதினாய் என்று நீங்கள் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை. அவள் போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் அம்மாவுக்கு இட்லி எடுத்து வைப்பது யார்? அதையும் நீங்கள் எழுதவில்லை.