தென்சென்னையில் உள்ள எங்கள் அடுக்கக வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விடுகிறேன். கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் வாங்கிப் போட வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் பதில். சுவரோடும் தரையோடும் குழாயோடும் சேர்ந்தவற்றுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடியதைக் குடிவருகிறவர்களிடமே விட்டுவிடுங்கள். சென்னை மேடவாக்கத்தில் இருக்கும் எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டை இப்படித்தான் விட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பதும் தென்சென்னை அடுக்ககத்தைப் பற்றி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

வீடு தேடி வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு லாரி நிறையச் சாமான்களோடு வருகிறார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் அவர்களிடம் இருக்கும். பிறந்த வீட்டுச் சீராக வந்த கட்டிலைப் போட இடமில்லாமல் உங்கள் கட்டில் அறையை அடைத்துக்கொண்டிருந்தால், “இதை எடுத்துவிட முடியுமா சார்?” என்றுதான் முதல் பேச்சே தொடங்கும். சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கம் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கென்றே விடுவதாக இருந்தால் மட்டும் இரும்புக் கட்டிலும் மேசை நாற்காலியும் போடலாம். அப்போதும் மெத்தை வாங்காதீர்கள். முன்பு இருந்தவர் படுத்த மெத்தையில் படுக்க யாருக்கும் மனம் வராது. மாத வாடகைக்கு மரச்சாமான் தரும் நிறுவனங்களும் இப்போது சென்னையில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, பணத்தை எதில் போடுவது?

முதலில் மின்சாரம். மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வேறு எதையும் வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள். ஈரக்கையோடு ஒரு குழந்தை சுவிட்சைத் தொட்டு மின்கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். சோபா இல்லாத வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்ளலாம். இந்தக் கருவி இல்லாத வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைக்க எனக்கு மனம் ஒப்பாது. ஏ.சி.யை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கான தனி மின்தடம், சுவரில் குழாய் செல்லும் துளை, தண்ணீர் வடியும் வழி மூன்றையும் தயாராக வையுங்கள். இல்லையென்றால் குடிவருகிற ஒவ்வொருவரும் சுவரைப் புதிதாகத் துளைப்பார்கள். மின்விசிறியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண விசிறி 75 வாட் வரை இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட்டை ஒட்டிய மின்சாரம் போதும். வெயில் காலத்தில் அவர்களின் மின்கட்டணத்தில் அது நன்றாகவே தெரியும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். பழைய கீசர் ஒன்றைப் பிளம்பர் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். சூடேற்றும் கம்பியைச் சுற்றி விரல் தடிமனுக்கு வெள்ளைக் காரை படிந்திருந்தது. அவர் ஸ்குரூ டிரைவரால் தட்ட, ஓடு ஓடாகப் பெயர்ந்து வாளியில் விழுந்தது. தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் தண்டு கரைந்து பென்சில் போல் மெலிந்துவிட்டது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்க, தான் கரைவதுதான் அந்தத் தண்டின் வேலை. அதைக் காலத்தில் மாற்றினால் கீசர் பிழைக்கும். ஆகவே உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் அனுப்பிச் சுத்தம் செய்யும் பொறுப்பையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சமையலறை அலமாரிக்கு மரத்தூள் பலகையைத் தொடாதீர்கள். சிங்க் அடியில் ஒரு சொட்டு கசிந்தாலும் ஊறி உப்பிவிடும். கீல் திருகாணி பிடிக்காது, கதவு கையோடு வந்துவிடும். ஐ.எஸ். 710 என்ற தர முத்திரையுள்ள பிளைவுட் விலை கூடுதல்தான், ஆனால் ஈரம் தாங்கும். சிங்க் அடியை மட்டும் கதவே இல்லாமல் திறந்து விட்டாலும் நல்லதுதான். காற்றோட்டம் இருக்கும், கசிவும் கண்ணில் படும்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை, பால்கனியில் துணி காயப்போடக் கொடி, சாமி படம் வைக்க ஒரு மாடம், பாத்திரம் ஏற்றிவைக்கப் பரண் ஆகியவை இருந்தால் வீட்டைப் பார்க்க வரும் பெண்களின் முகம் மலர்வதைக் காண்பீர்கள். படுக்கையறை விட்டத்தில் உறுதியான கொக்கி ஒன்றும் இருக்கட்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தூளி கட்ட இடமில்லாத வீடு வீடே இல்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் கழித்துப்போட்ட பழைய சோபாவையும் ஆடும் மேசையையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு அதற்கும் சேர்த்து வாடகை கேட்காதீர்கள். மாதா மாதம் பணம் கொடுத்து வாழ வருகிறவர்களின் வீடு நம் பழஞ்சாமான் கிடங்கு ஆகக் கூடாது. வருமான வரியிலும் மரச்சாமானால் பெரிய ஆதாயம் இல்லை. வீட்டு வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரி போக, 30 சதவீதம் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் சோபா வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த விகிதம் ஒன்றுதான்.

கடைசியாக ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதன் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது: மின்கம்பி, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வெள்ளையடிப்பது நம்முடையவை, குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது போன்றவை குடியிருப்பவருடையவை. உப்புத் தண்ணீரால் கெடும் கீசருக்கு அவர்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். அதனால் எங்கள் ஒப்பந்தத்தில் கீசரை என் பக்கம் எழுதியிருக்கிறேன். விசிறி, விளக்கு, குழாய், சாவி என வீட்டில் இருப்பதை எல்லாம் அறைவாரியாக எழுதி, ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை உட்பட, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலி செய்யும் நாளில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்தே வீட்டைச் சுற்றிப் பார்த்து, அட்வான்ஸை அங்கேயே கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுங்கள்.