மேசையில் ஆறு பேர், கையில் பிரெஞ்சு மெனு

புதுச்சேரிக்குப் போகும் நண்பர் குழுக்கள் பிரெஞ்சு உணவகத்தில் முதல் தடவை சாப்பிடுவது பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு எங்கள் சமையல் குழுவின் பதில்கள்.

கல்லூரித் தோழிகள் ஆறு பேர் புதுச்சேரி போகிறோம். ஒரு ராத்திரி பிரெஞ்சு உணவகத்தில் மேசை சொல்லி வைத்திருக்கிறோம். ஒருத்திக்கும் அந்தச் சாப்பாடு பழக்கமில்லை. எதை, எந்த வரிசையில், எவ்வளவு ஆர்டர் செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் நெய்யும் வந்த பிறகுதான் சாம்பார். புளிசேரி, ரசம், பாயசம் எல்லாம் அதனதன் முறைக்குத்தான் வரும். பிரெஞ்சுச் சாப்பாடும் அப்படி வரிசை பிசகாதது. இரண்டு வித்தியாசங்கள் மட்டும் உண்டு. இங்கே மறுசோறு கிடையாது. ஒருவருக்கு ஒரு தட்டு என்று அளந்து வைப்பார்கள். அதனால் முடிவுகளை எல்லாம் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

மெனு அட்டையில் முதலில் தடுக்குவது 'ஆந்த்ரே' என்ற சொல். பிரெஞ்சு வழக்கில் அது முதலில் வரும் சிறு தட்டு. அமெரிக்க வழக்கிலோ அதே சொல் முக்கிய உணவைக் குறிக்கும். அட்டையில் ஆந்த்ரேக்குக் கீழே 'ப்ளா' என்று தனித் தலைப்பு இருந்தால், ப்ளாதான் முக்கிய உணவு. 'மெனு' என்ற சொல்லுக்கும் அங்கே வேறு பொருள். இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் தொகுப்புக்கு அந்தப் பெயர். தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது 'அ லா கார்ட்'. 'ப்ளா து ஜூர்' என்றால் அன்றைய சிறப்பு உணவு. மதியச் சாப்பாட்டுக்குப் போனால் முதலில் அதை விசாரியுங்கள். அன்று வாங்கிய பொருளில் அன்றே செய்வது, விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

முதல் தடவை போகும் ஆறு பேருக்கு எங்கள் கணக்கு: மூன்று ஆந்த்ரே, ஆறு ப்ளா, மூன்று இனிப்பு. ஆந்த்ரேயையும் இனிப்பையும் நடுவில் வைக்கச் சொல்லி, ஆளுக்கொரு சின்னத் தட்டு கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, ஆனால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த மூன்று தட்டும் மூன்று பேர் முன்னால் வரும், மற்ற மூவரும் வெறும் மேசையைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

பெரும்பாலான குழுக்கள் சிக்கிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். சமையலறை ஒரு மேசைக்குரிய ப்ளா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பப் பார்க்கும், அதுவும் ஆந்த்ரே தட்டுகளை எடுத்த பிறகுதான். ஒருவர் பேச்சுவாக்கில் பாதித் தட்டோடு உட்கார்ந்திருந்தால் மற்ற ஐந்து பேருக்கும் அடுத்த உணவு தள்ளிப்போகும். பரிமாறுபவர் பார்ப்பது முள்கரண்டியையும் கத்தியையும். இரண்டையும் தட்டில் இணையாகச் சேர்த்து, கைப்பிடிகள் கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் பக்கம் வருமாறு வைத்தால் 'முடித்தேன்' என்று பொருள். விலக்கி வைத்தால் 'இன்னும் சாப்பிடுகிறேன்'. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கோபப்படும் முன், உங்கள் மேசையில் யாருடைய கரண்டி விலகிக் கிடக்கிறது என்று பாருங்கள்.

இருபுறமும் வரிசையாக வைத்திருக்கும் கரண்டிகளை வெளிப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வாருங்கள். தட்டுக்கு மேலே குறுக்கே கிடப்பது இனிப்புக்கு. ரொட்டி இடப்பக்கம், தண்ணீர்த் தம்ளர் வலப்பக்கம். வட்ட மேசையில் பக்கத்திலிருப்பவரின் ரொட்டியை எடுத்துவிடாமல் இருக்க இது ஒன்று ஞாபகத்தில் இருந்தால் போதும். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். பசியில் அதையே தின்று வயிற்றை நிரப்பிவிட வேண்டாம். ப்ளாவில் மிஞ்சும் குழம்பைத் துடைத்துச் சாப்பிடத்தான் அது ருசி. பிரான்ஸில் ரொட்டிக்குத் தனிக் காசு இல்லை. இங்கே சில இடங்களில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். 'ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா' (சாதாரணத் தண்ணீரா, வாயு ஏற்றியதா) என்று கேட்டால் இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில்தான். வடிகட்டிய தண்ணீர் போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்று சுற்றுக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தால் மதியமே போய்விடுங்கள். பல இடங்களில் மதியம் இரண்டரை, மூன்று மணியோடு அடுப்பை நிறுத்திவிட்டு, மாலை ஏழு மணிக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள்.

எங்களுக்கு மீன் என்றால் கைதான். முள்கரண்டியால் முள் எடுக்க முடியுமா? சிப்பியும் உண்டு என்கிறார்கள்.
– வாசகர், குளச்சல்

சிப்பியிலிருந்து தொடங்குவோம், அது உங்களுக்குப் பழகிய பொருள். 'மூல் மரினியேர்' என்று கேளுங்கள். வெண்ணெயில் சின்ன உள்ளியை வதக்கி, வெள்ளை ஒயின் ஊற்றி, சிப்பியை ஓட்டோடு போட்டு மூடி வேகவைத்து, பார்ஸ்லி இலை தூவி ஒரு சட்டி நிறையக் கொண்டுவருவார்கள். முதல் சிப்பியின் சதையை மட்டும் முள்கரண்டியால் எடுங்கள். பிறகு அந்த வெற்று ஓட்டையே இடுக்கிபோல் பிடித்து, அடுத்தடுத்த சிப்பிகளின் சதையை இழுத்துச் சாப்பிட வேண்டியதுதான். பிரெஞ்சுக்காரர்களும் இதைக் கையால்தான் சாப்பிடுகிறார்கள். ஓடு போட வேறு கிண்ணம் தருவார்கள். வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியை ஒதுக்கிவிடுங்கள். அடியில் நிற்கும் சாறுதான் இதில் உயிர். ரொட்டியைத் தோய்த்தோ கரண்டியாலோ அதைக் குடிக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

முழு மீனில் பேர்பெற்றது 'சோல் மெனியேர்'. நம் நாக்குமீனைப் போன்ற தட்டை மீன். மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சைச் சாறு விட்டுத் தருவார்கள். முள் எடுப்பது கடினமல்ல. தலையிலிருந்து வால்வரை நடுக்கோட்டில் முள் தட்டும்வரை கத்தியால் கீறுங்கள். கத்தியைப் படுக்கவைத்து, மேல்சதையை நடுவிலிருந்து இடமும் வலமுமாகத் தள்ளினால் இரண்டு துண்டு பிரியும். நடுமுள் இப்போது வெளியே தெரியும். வால் பக்கம் முள்கரண்டியை அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினால் அது தலையோடு சேர்ந்து வரும். அடியில் இன்னும் இரண்டு துண்டு இருக்கும். மீனைத் திருப்பிப் போடாதீர்கள். திருப்பினால் சதை உடைந்து ஓரமுள் உள்ளே கலந்துவிடும். கீறலை ஆழமில்லாமல் போட்டுவிட்டுச் சதையை இழுப்பதுதான் பலர் செய்யும் தவறு. நம்பிக்கை வராவிட்டால் "முள் எடுத்துத் தாருங்கள்" என்று கேட்கலாம். முழு மீன் பரிமாறும் நல்ல உணவகத்தில் அது வழக்கமான வேலை.

'பூயாபேஸ்' மார்செய் துறைமுகத்தின் மீன் குழம்பு. மீனவர்கள் விற்க முடியாத பாறைமீன்களைப் போட்டுக் காய்ச்சியது. தேங்காயும் இல்லை, புளியும் இல்லை. தக்காளி, குங்குமப்பூ, பெருஞ்சீரக வாசனைதான் முன்னால் நிற்கும். அங்கே முறைப்படி முதலில் சாற்றை, பூண்டும் மிளகாயும் அரைத்த 'ரூய்' தடவிய ரொட்டியோடு குடித்துவிட்டு, மீனைத் தனியே சாப்பிடுவார்கள். நம் மீன்குழம்பின் காரத்தை எதிர்பார்த்து இதை ஆர்டர் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் சைவம், ஒருவர் மதுவும் பன்றி இறைச்சியும் தொடமாட்டார். எதில் என்ன ஒளிந்திருக்கும்?
– வாசகர், மார்த்தாண்டம்

பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிடக் கூடாத முதல் தட்டு வெங்காய சூப். மரபுப்படி அது மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. 'கிஷ் லொரேன்' முட்டையும் க்ரீமும் சேர்ந்த பை, உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். 'நிஸுவாஸ்' சாலட்டில் சூரையும் நெத்தோலி வகை மீனும் உண்டு. கோதுமை ரவை தோசைபோல் தோன்றும் 'கலெத்' பக்வீட் என்ற தானியத்தின் மாவில் வார்ப்பது; அதில் 'கொம்ப்ளெத்' என்று போட்டிருந்தால் பன்றி ஹாம், முட்டை, சீஸ் மூன்றும் உள்ளே இருக்கும்.

கத்தரிக்காய், சுகினி, குடைமிளகாய், தக்காளி சேர்ந்த 'ரத்தத்தூய்' சைவர்களுக்கு நம்பகமானது. உருளைக்கிழங்கைப் பாலிலும் க்ரீமிலும் வேகவைத்துச் சுட்ட 'க்ரத்தேன் தோஃபினுவா'வும் சரி. ஆனால் கண்டிப்பான சைவராக இருந்தால் சீஸைப் பற்றியும் கேளுங்கள். க்ருயேர், ரொக்ஃபோர் போன்ற மரபான சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும்.

முட்டையும் ஆகாது என்றால் இனிப்புப் பக்கம் கஷ்டம்தான். க்ரெம் ப்ரூலே, சாக்லெட் மூஸ், எக்லேர், க்ரெப் எல்லாவற்றிலும் முட்டை உண்டு. மூஸில் பல நேரம் பச்சையாகவே. பழச்சாற்றை உறையவைத்த சோர்பே கிடைக்குமா, அதில் முட்டை வெள்ளைக்கரு சேர்கிறதா என்று கேளுங்கள். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மது விஷயத்தில் "கொதித்தால் ஒயின் எல்லாம் ஆவியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் கொதித்த குழம்பில் சேர்த்த ஆல்கஹாலில் சுமார் 35 சதவீதம் மிஞ்சும். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் இருக்கும். மேசையருகே தீ வைத்துக் காட்டும் 'க்ரெப் சுஸெத்' போன்றவற்றில் சுமார் 75 சதவீதம் அப்படியே நிற்கும். ஒயினில் வேகும் கோழிக்கறியான 'கொக் ஓ வேன்', ஒயினில் வேகும் மாட்டுக்கறியான 'பெஃப் பூர்கினியோன்', மேலே சொன்ன சிப்பி மூன்றையும் அந்த நண்பர் தவிர்க்கட்டும்.

புதுச்சேரியில் பரிமாறுபவர்களிடம் தமிழிலேயே கேட்கலாம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "கறி, மீன், கறி எலும்பு வேகவைத்த ஸ்டாக் எதுவும் ஆகாது, முட்டை ஆகும்" என்று பிரித்துச் சொல்லுங்கள். முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ஸ்டாக் காலையிலேயே அடுப்பில் ஏறிவிடும். நீங்கள் மேசையில் உட்கார்ந்த பிறகு அதை மாற்ற முடியாது.

மாட்டிறைச்சி ஸ்டேக் கேட்டால் 'எப்படி வேக வேண்டும்' என்கிறார்களாம். என்ன சொல்வது?
– வாசகர், கருங்கல்

'ப்ளூ' என்றால் மேலே மட்டும் சூடுபட்டது. 'செஞ்ஞான்' உள்ளே சிவப்பு. 'அ புவேன்' நடுவில் இளஞ்சிவப்பு, நாம் 'மீடியம்' என்று நினைப்பதைவிடக் குறைந்த வேக்காடு. 'பியேன் க்வீ' நன்றாக வெந்தது. ஆனால் ஸ்டேக் துண்டை அந்த அளவு வேகவைத்தால் வறண்டு ரப்பர்போல் ஆகும். ஊரில் மெத்தென்று வெந்த மாட்டுக்கறி சாப்பிட்டுப் பழகியவருக்கு ஸ்டேக்கைவிட, மணிக்கணக்கில் வேகும் பெஃப் பூர்கினியோன்தான் பொருந்தும். 'தார்தார்' முழுப் பச்சை இறைச்சி, மேலே பச்சை மஞ்சள்கரு. தெரியாமல் ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

பில்லை எப்படிப் பிரிப்பது? சர்வீஸ் சார்ஜ் கொடுத்தாக வேண்டுமா?
– வாசகி, தக்கலை

கொடுத்தாக வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவகம் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்கு விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு, அதை அவர் கையிலேயே கொடுங்கள். ஜிஎஸ்டி கட்டாயம்: சாதாரண உணவகத்தில் 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம்.

பிரிப்பதைப் பற்றி உட்காரும்போதே பேசிவிடுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லை, மாநில வரிதான். அதனால் அதைத் தனிப் பில்லாகக் கேட்டு, குடித்தவர்களே பிரித்துக்கொள்ளட்டும். 750 மில்லி பாட்டில் ஐந்து கிளாஸ் வரும். நடுவில் வைத்துப் பகிர்ந்தவற்றை ஆறாகப் பிரித்து, ப்ளாவை அவரவர் கணக்கில் வையுங்கள். உதாரணமாக, பகிர்ந்தவை 3,000 ரூபாய் என்றால் தலைக்கு 500. உங்கள் ப்ளா 900 என்றால் மொத்தம் 1,400, அதோடு 5 சதவீதம் சேர்த்து 1,470. சைவத் தட்டு சாப்பிட்டவர் ஸ்டேக்குக்கும் சேர்த்துக் கொடுக்கும் சங்கடம் இதில் வராது.

பெயர்களைத் தப்பாக வாசித்துவிடுவோமோ என்று கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, குழித்துறை

பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது. நத்தைக்கு எழுதியிருப்பது 'எஸ்கர்கோட்' என்று தோன்றினாலும் சொல்வது 'எஸ்கார்கோ'. அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். அட்டையில் விரலை வைத்து, "இது எப்படிச் செய்வது, எதோடு வரும்?" என்று கேளுங்கள்.